சிறு படகிலிருந்து வயர்லெஸ்ஸில் ‘மேடே’ கூப்பிடுவது எப்படி?

கேள்வி: எங்கள் ஃபைபர் படகில் புதிதாக விஎச்எஃப் செட் வைத்திருக்கிறோம். கடலில் ஆபத்து வந்தால் எந்தச் சேனலில், என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும்? ஆங்கிலம் தெரியாதவர் கூப்பிடலாமா?

சேனல் 16. ‘மேடே’ மூன்று முறை, படகின் பெயர், நிற்கும் இடம். இவ்வளவும் முதல் அரை நிமிடத்துக்குள் காற்றில் போய்விட வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஏனென்றால் தண்ணீர் ஏறும் படகில் முதலில் சாவது பேட்டரி. அது அடித்தட்டில்தான் இருக்கும். என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே செட் அணைந்துவிட்டால், கேட்டவருக்கு ஒரு படகு மூழ்குகிறது என்று தெரியும், எங்கே என்று தெரியாது.

ஆங்கிலம் தெரியாவிட்டாலும் தயங்காமல் கூப்பிடுங்கள். ‘மேடே’ என்பதே ஆங்கிலச் சொல் இல்லை. 1920-களில் லண்டன் க்ராய்டன் விமான நிலையத்தில் ரேடியோ அதிகாரியாக இருந்த ஃப்ரெடெரிக் மாக்ஃபோர்ட், ‘எனக்கு உதவுங்கள்’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் ஒலியிலிருந்து எடுத்தது. எந்த நாட்டுக் கப்பலில் இருப்பவருக்கும் அது புரியும். அதோடு பத்து எண்களும் ‘நார்த்’, ‘ஈஸ்ட்’ என்ற இரண்டு சொற்களும் தெரிந்தால் உங்கள் இடம் போய்ச் சேர்ந்துவிடும். அதன் பிறகு தமிழிலேயே சொல்லுங்கள், பக்கத்தில் தொழில் செய்யும் படகுகளும் 16-ஐக் கேட்டுக்கொண்டிருக்கும்.

நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே 12 கடல் மைலில் ‘முத்துமாரி’ என்ற படகில் தண்ணீர் ஏறுகிறது, நான்கு பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அழைப்பு இப்படி இருக்க வேண்டும்:

“மேடே, மேடே, மேடே. திஸ் இஸ் முத்துமாரி, முத்துமாரி, முத்துமாரி. மேடே முத்துமாரி. பொசிஷன் ஒன் ஜீரோ டிகிரி, ஃபோர் சிக்ஸ் டெசிமல் டூ மினிட்ஸ் நார்த். ஜீரோ எய்ட் ஜீரோ டிகிரி, ஜீரோ த்ரீ டெசிமல் ஃபைவ் மினிட்ஸ் ஈஸ்ட். சிங்க்கிங். நீட் இம்மீடியட் ஹெல்ப். ஃபோர் பெர்சன்ஸ். ஓவர்.”

இதை அப்படியே தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதி, படகின் பெயரையும் பதிவு எண்ணையும் நிரப்பி, லேமினேட் செய்து செட்டுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். இடத்துக்கும் ஆட்களின் எண்ணிக்கைக்கும் மட்டும் கோடு விட்டிருங்கள். கை நடுங்கும் நேரத்தில் யாருக்கும் மனப்பாடம் ஞாபகம் வராது. டிரைவர் கடலில் விழுந்துவிட்டால் கூப்பிடப்போவது முதல் முறையாகக் கடலுக்கு வந்த பையனாகவும் இருக்கலாம். அவனும் பார்த்துப் படிக்கும்படி இருக்க வேண்டும்.

எண்களை ஒவ்வொன்றாகத்தான் சொல்ல வேண்டும், தமிழில் சொன்னாலும் அப்படித்தான். இரைச்சலில் ‘எழுபது’ எது, ‘எண்பது’ எது என்று பிரிக்கவே முடியாது. நம் கிழக்குக் கரையின் தீர்க்கரேகை 79, 80 என்றுதான் வரும், ஒரு டிகிரி மாறினால் தேடுகிறவர்கள் சுமார் 60 கடல் மைல் தள்ளிப் போய் நிற்பார்கள். ‘ஏழு, ஒன்பது’ என்று சொன்னால் இந்தக் குழப்பம் வராது.

இன்னொரு பெரிய தவறு ஜிபிஎஸ் காட்டும் முறையில் இருக்கிறது. ஒரே இடத்தை ஒரு கருவி 13 டிகிரி 05.5 நிமிடம் என்று காட்டும், கைபேசி 13.0917 டிகிரி என்று காட்டும். கைபேசியில் இருப்பதைப் பார்த்து “பதிமூன்று டிகிரி, ஒன்பது புள்ளி ஒன்று ஏழு நிமிடம்” என்று படித்துவிட்டால் மூன்றரைக் கடல் மைலுக்கு மேல் தப்பு. டிகிரி, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்ற முறையைக் கரையிலேயே ஜிபிஎஸ்ஸில் வைத்துவிடுங்கள். ஜிபிஎஸ் செத்துவிட்டதென்றால், தெரிந்த இடத்திலிருந்து திசையும் தூரமும் சொல்லுங்கள்: “நாகப்பட்டினம் லைட் ஹவுஸுக்குக் கிழக்கே 12 மைல்.”

பேசும் முறையில் கவனிக்க வேண்டியவை சில. மைக் பட்டனை அழுத்தி ஒரு வினாடி கழித்துப் பேச ஆரம்பியுங்கள், இல்லாவிட்டால் முதல் ‘மேடே’ பாதியில் வெட்டுப்படும். மைக் வாயிலிருந்து நாலு விரற்கடை தள்ளி இருக்கட்டும். முதுகைக் காற்றுக்குக் கொடுத்து நில்லுங்கள். கத்தினால் குரல் சிதையும், தூரமாகப் போகாது. பேசி முடித்ததும் பட்டனை விட்டுவிடுங்கள். அழுத்திப் பிடித்தபடியே பதிலுக்குக் காத்திருந்தால், பதில் வந்தாலும் உங்கள் செட்டில் கேட்காது, சுற்றி இருக்கும் எல்லாருக்கும் 16 அடைபட்டுவிடும். வலைக்கடியில் மாட்டிக்கொண்ட மைக்கும் இதையேதான் செய்யும். யாரும் பேசாதபோது செட்டில் ‘டிஎக்ஸ்’ (செட் அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று காட்டும்) விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

பதில் வரவில்லையா? முதலில் பவரைப் பாருங்கள். துறைமுகத்தில் 1 வாட்டில் வைத்ததை அப்படியே மறந்திருப்பார்கள். 25 வாட்டுக்கு மாற்றித் திரும்பக் கூப்பிடுங்கள். வெறும் இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழை அதிகமாகத் திருகியிருந்தால் வரும் பதிலை அதுவே அடைத்துவிடும், இரைச்சல் லேசாகக் கேட்கும் வரை குறையுங்கள். இன்னும் பதில் இல்லையென்றால், எந்தச் சேனலில் ஆட்கள் பேசுவது கேட்கிறதோ அதிலேயே புகுந்து சொல்லுங்கள். உயிராபத்தில் எந்தச் சேனலையும் பயன்படுத்தலாம். பதில் வராவிட்டாலும் சில நிமிடத்துக்கு ஒருமுறை இடத்தோடு சொல்லிக்கொண்டே இருங்கள். உங்களுக்குக் கேட்காத ஒருவர் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

தூரத்தைத் தீர்மானிப்பது வாட்டை விட ஆண்டெனாவின் உயரம்தான். விஎச்எஃப் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது, பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். ஆண்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.2-ஆல் பெருக்குங்கள். 4 மீட்டர் கம்பத்துக்கு 4.4 கடல் மைல், கரையில் 100 மீட்டர் கோபுரம் என்றால் 22. இரண்டையும் கூட்டினால் சுமார் 26 மைல், அதுதான் எல்லை. கையில் பிடிக்கும் 5 வாட் செட்டை வைத்து உட்கார்ந்துகொண்டு பேசும் இரண்டு படகுகளுக்கு இடையே நாலைந்து மைல்தான். எழுந்து நின்று, ஆண்டெனா செங்குத்தாக இருக்கும்படி பிடித்து, படகு அலையின் முகட்டில் ஏறும் நேரத்தில் இடத்தைச் சொல்லுங்கள்.

ஆனால் நான் பார்த்தவரை, நல்ல செட் இருந்தும் குரல் போகாததற்குக் காரணம் பெரும்பாலும் கேபிள். ஆண்டெனா கனெக்டர் வழியாக உப்புத்தண்ணீர் உள்ளே போனால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலச் செப்பு வலைப்பின்னல் வழியே கேபிளுக்குள் ஏறிக்கொண்டே போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சந்தேகம் இருந்தால் கனெக்டரைக் கழற்றி, கறுப்பு உறையை ஒரு அங்குலம் சீவிப் பாருங்கள். செம்பு பளிச்சென்று இருந்தால் சரி. கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால், பளிச்சென்ற செம்பு வரும் வரை வெட்டிப் புதுக் கனெக்டர் போடுங்கள். அதன்மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள், சாதாரண இன்சுலேஷன் டேப் ஒரு மாதத்தில் பிரிந்துவிடும். ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிள் 10 மீட்டரிலேயே பவரில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கும். நீளம் அதிகமென்றால் ஆர்ஜி-213 போடுங்கள்.

பேட்டரியை அடித்தட்டிலிருந்து எடுத்து, முடிந்த அளவு மேலே ஒரு பெட்டியில் கட்டுங்கள். 25 வாட்டில் பேசும்போது செட் 5, 6 ஆம்பியர் இழுக்கும். வயர் மெல்லியதாக இருந்தாலோ பேட்டரி பலவீனமாக இருந்தாலோ, கேட்கும்போது நன்றாக இருக்கும் செட் பட்டனை அழுத்தியதும் அணைந்து எழும். அதனால்தான் சோதனை 25 வாட்டிலும் செய்ய வேண்டும். அதை 16-ல் செய்யாமல், கூட வரும் படகிடம் சொல்லிவைத்து வேறொரு சேனலில் செய்யுங்கள். கூடவே சார்ஜ் ஏற்றிய கையடக்க மரைன் செட் ஒன்று தண்ணீர் புகாத பையில் இருக்கட்டும். பையை மூடியபடியே பேசலாம். மலிவாக விற்கும் தரைவழி வாக்கி டாக்கிகளை இதற்கு நம்பாதீர்கள். உங்கள் கூட்டத்தின் தனி அலைவரிசையில் பேசினால், பக்கத்தில் போகும் கப்பலுக்கு ஒன்றும் கேட்காது. சேனல் 16 என்பது 156.8 மெகாஹெர்ட்ஸ், கப்பல்கள் கவனிப்பது அதைத்தான்.

செட்டில் மூடி போட்ட சிவப்பு பட்டன் இருந்தால் அது டிஎஸ்சி வசதி. மூடியைத் தூக்கி, பீப் ஒலி மாறும் வரை சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால், சேனல் 70-ல் உங்கள் அடையாள எண்ணும் இடமும் தானாகப் போகும். யாராவது ஏற்கும் வரை நாலு நிமிடத்துக்கு ஒருமுறை அதுவே திரும்ப அனுப்பும். அழுத்திய கையோடு 16-ல் வாயாலும் சொல்லுங்கள். இதற்கு இரண்டு நிபந்தனை: அந்த அடையாள எண், அதாவது 9 இலக்க எம்எம்எஸ்ஐ எண், செட்டில் ஏற்றியிருக்க வேண்டும் (இந்தியப் படகுக்கு 419-ல் தொடங்கும்), ஜிபிஎஸ் இணைந்திருக்க வேண்டும். பல செட்டுகளில் அந்த எண்ணை ஓரிரு முறைக்கு மேல் மாற்ற முடியாது, பார்த்துப் போடுங்கள்.

‘மேடே’ உயிருக்கோ படகுக்கோ உடனடி ஆபத்து இருந்தால் மட்டும். இன்ஜின் நின்று, வானிலை அமைதியாக, நங்கூரம் பிடித்திருந்தால் ‘பான் பான்’ மூன்று முறை. அதே படகு பாறையை நோக்கி இழுபட்டால் அது ‘மேடே’.

செல் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554-ஐயும் அழையுங்கள், ஆனால் வயர்லெஸ்ஸுக்குப் பிறகு. போன் ஒருவருக்கு மட்டும் போகும், 16 சுற்றியிருக்கும் எல்லாருக்கும் போகும். விஎச்எஃப் எட்டாத ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு இஸ்ரோ உருவாக்கிய ‘டாட்’ கருவி செயற்கைக்கோள் வழியாக ஆபத்துச் செய்தி அனுப்பும். அது பெட்டிக்குள் பூட்டிக் கிடக்காமல், கைக்கு எட்டும் இடத்தில் வானம் தெரியும்படி இருக்க வேண்டும்.

வேறொரு படகின் மேடே கேட்டால் பேச்சை நிறுத்தி, சொன்ன இடத்தை எழுதுங்கள். காகிதம் நனைந்திருந்தால் படகின் பக்கப்பலகையிலேயே எழுதுங்கள். கரை நிலையம் பதில் சொல்லச் சிறிது நேரம் விடுங்கள். யாரும் பேசாவிட்டால் “ரிசீவ்ட் மேடே” என்று நீங்களே பதில் சொல்லிவிட்டு, “மேடே ரிலே” என்று மூன்று முறை சொல்லி, உங்கள் படகின் பெயரையும் அந்தப் படகின் பெயரையும் இடத்தையும் திரும்பச் சொல்லுங்கள்.

சிவப்பு பட்டன் தவறுதலாக அழுத்தப்பட்டாலோ, ஆபத்து நீங்கிவிட்டாலோ, பயந்து செட்டை அணைத்துவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். செட்டில் கேன்சல் கொடுத்து, 16-ல் “ஆல் ஸ்டேஷன்ஸ்” மூன்று முறை, படகின் பெயர், எம்எம்எஸ்ஐ எண், “கேன்சல் மை டிஸ்ட்ரஸ் அலர்ட்”, அனுப்பிய நேரம். இதைச் சொல்லாதவரை உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.