சபை விடுதி வேலைக்கு ‘நற்குணம்’ என்றால் எதைப் பார்ப்பார்கள்?

கொடைக்கானலில் திருச்சபை நடத்தும் விடுதியில் காசாளர் வேலைக்கு ‘நற்குணம் அவசியம்’ என்று போட்டிருக்கிறார்கள், அதற்கு எதைப் பார்ப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதகரின் சான்றுக் கடிதம் கேட்பார்கள், அது எளிது. உண்மையில் தெரியவருவது பணத்தைத் தொடும்போதுதான். விடுதியில் காணிக்கைப் பெட்டி இருந்தால் அதைத் தனியாகத் திறக்காதீர்கள். இருவர் எண்ணி, 500, 200, 100 என்று தாள்வாரியாக எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, மறுநாளே வங்கியில் கட்டுங்கள். காணிக்கைப் பொறுப்புக்காகத் தன் உடன் ஊழியரான தீத்துவோடு வேறு சகோதரரையும் சேர்த்துப் பவுல் அனுப்பியது இதற்காகத்தான் (2 கொரிந்தியர் 8:18-21).

தவறு நடப்பது மே சீசனில். அறைகள் நிரம்பி வழியும்போது, “நம்ம பிரதர்தானே” என்று ரசீது போடாமல் முன்பணம் வாங்கிவிடுவார்கள். ராத்திரி கணக்கில் 300 ரூபாய் இடிக்கும். விசுவாசிகளிடம் எப்படிக் கேட்பது என்று எல்லாரும் கூச்சப்படுவார்கள். அந்தக் கூச்சம்தான் எனக்குப் பெரிய கவலை. சொந்தக் காசைப் போட்டுச் சரிக்கட்டாதீர்கள். ‘குறைவு 300’ என்றே பேரேட்டில் எழுதி, அன்றே மேலாளரிடம் காட்டுங்கள்.