குறட்டை பாதியில் நின்றுபோவதுதான் கவலைக்குரியது

உங்கள் நீண்ட கடிதத்தின் கடைசிப் பத்தியிலிருந்து தொடங்குகிறேன். "பலமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போதே சத்தம் திடீரென்று நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் கழித்துத் திணறிக்கொண்டு மூச்சு இழுக்கிறீர்கள் என்று மனைவி சொல்கிறாள். அவள் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அடுத்த வரியில், போன வாரம் சிக்னலில் வண்டியை நிறுத்தியவர் பின்னால் ஹாரன் அடிக்கும்வரை தூங்கிவிட்டதையும் சொல்லியிருக்கிறீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். உங்கள் மனைவி வீணாகப் பயப்படவில்லை. அவர் பார்த்துச் சொன்னது இந்தக் கடிதத்திலேயே மிக முக்கியமான மருத்துவத் தகவல்.

நீங்கள் உண்மையில் கேட்க வருவது எனக்குப் புரிகிறது. 52 வயதில் இரவு படுத்த உங்கள் அப்பா காலையில் எழவில்லை. உங்களுக்கு இப்போது 46. படுக்கப் போகும்போதெல்லாம் "நாளைக்கு எழுந்திருப்பேனா" என்ற எண்ணம் வருகிறது. அதன்பிறகு உடம்பில் நடப்பது ஒவ்வொன்றும் அதற்கான அறிகுறியாகவே தெரிகிறது.

அப்படி நீங்கள் சேர்த்துவைத்த பயங்களில் பலவற்றை இப்போதே விட்டுவிடலாம். கண் அயரும் நேரத்தில் படியில் கால் தவறியதுபோல உடம்பு தூக்கிப்போடுவது பலருக்கும் உண்டு, அது நரம்பு நோய் அல்ல. விழிப்பு வந்தும் கைகால் அசைக்க முடியாமல், மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோலக் கிடந்தது பயங்கரமான அனுபவம்தான், ஆனால் ஆபத்தில்லாதது. கனவு வரும் கட்டத்தில் மூளை நம் தசைகளைக் கட்டிப்போட்டுவிடுகிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவர் கட்டிலிலிருந்து இறங்கி ஓடுவார். சில நேரம் விழிப்பு முந்திக்கொள்ளும், கட்டு அவிழக் கொஞ்சம் தாமதமாகும். அப்போதும் உதரவிதானம் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, மூச்சு நிற்பதில்லை. சரியாகத் தூங்காத நாட்களில் இது கூடுதலாக வரும். சிரிக்கும்போது முழங்கால் தொய்ந்து விழுவது போன்ற தொந்தரவும் சேர்ந்து இருந்தால் மட்டும் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

இணையத்தில் படித்த 'உயிரைப் பறிக்கும் தூக்கமின்மை' என்பது மரபணுக் கோளாறால் உலகில் மிகச் சில குடும்பங்களில் மட்டுமே காணப்படும் நோய். இரவு இரண்டு மணிக்குப் போனில் நோயைத் தேடுகிற பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். தேடுகிறவருக்கு எப்போதும் மிகக் கொடிய நோய்தான் கிடைக்கும், தூக்கமும் போய்விடும். ஆழ்ந்த தூக்கம் 38 நிமிடம்தான் என்று காட்டும் அந்த ஸ்மார்ட் வாட்ச் உங்கள் மூளை அலைகளைப் பதிவு செய்வதில்லை. அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்து ஒரு கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். இரவில் கழற்றி வைத்துவிடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தூக்கமின்மை நோய் என்று நீங்களே முடிவுகட்டிவிட்டீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தூக்கமின்மை உள்ளவர் பகலில் சோர்ந்து போயிருப்பார், ஆனால் படுக்க வைத்தாலும் பெரும்பாலும் கண் மூட வராது. நீங்களோ மீட்டிங்கில், டிவி முன்னால், இப்போது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேகூடத் தூங்குகிறீர்கள். இரவில் ஏழு மணி நேரம் படுக்கையில் இருந்தும் பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குகிறவருக்குத் தூக்கம் வராதது பிரச்சினை இல்லை, வந்த தூக்கம் துண்டுதுண்டாகிறது என்பதுதான் பிரச்சினை. காலையில் தலைவலி, வறண்ட வாய், இரவில் இரண்டு மூன்று தடவை சிறுநீருக்கு எழுவது என்று நீங்கள் தனித்தனி நோய்களாக எழுதியவை எல்லாம் இந்த ஒரே காரணத்தால் வரக்கூடியவை.

அந்தக் காரணம் தூக்கத்தில் மூச்சுத் தடை, அதாவது ஸ்லீப் ஆப்னியா. தொண்டையின் பின்பகுதியைத் தாங்கிப் பிடிக்க எலும்பு கிடையாது, தசைகள்தான். தூக்கத்தில் அவை தளர்கின்றன. பாதை குறுகினால் காற்று உரசிப் போகும் சத்தம் குறட்டை. பாதை முழுதாக மூடிக்கொண்டால் சத்தமும் இல்லை, மூச்சும் இல்லை. மார்பும் வயிறும் மூச்சிழுக்க முயன்றுகொண்டே இருக்கும், காற்று மட்டும் போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, மூளை பதறி உங்களை அரைகுறையாக எழுப்புகிறது, தொண்டை திறக்கிறது, நீங்கள் திணறிக்கொண்டு மூச்சு இழுக்கிறீர்கள். காலையில் இது எதுவும் உங்களுக்கு நினைவிருக்காது. 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் கணக்கில் எடுத்துக்கொள்வோம். மூச்சு நிற்பதும் வெகுவாகக் குறைவதும் சேர்த்து மணிக்கு 5 தடவைக்குள் என்றால் பெரியவர்களுக்கு அது இயல்பு. 15-ஐத் தொட்டால் நடுத்தரம், 30-ஐத் தொட்டால் கடுமை. மணிக்கு 30 என்றால் ஏழு மணி நேரத்தில் 210 தடவை. அப்படிப்பட்ட ஓர் இரவுக்குப் பிறகு சிக்னலில் தூங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

"இப்படி நின்ற மூச்சு திரும்ப வராமலே போய்விடுமா?" என்பதுதான் உங்கள் பயம். ஒவ்வொரு முறையும் உங்களை எழுப்பிவிடுகிற அந்த மூளையின் பதற்றம்தான் உங்களுக்குக் காவல். பெரும்பாலும் இந்த நோய் ஒரே இரவில் ஆளைக் கொண்டுபோவதில்லை. கவனிக்காமல் வருடக்கணக்கில் விட்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது, இதயத் துடிப்பின் சீரைக் கெடுக்கிறது, பக்கவாதத்துக்கு வழிவிடுகிறது. உடனடி ஆபத்து உங்கள் படுக்கையில் இல்லை, சாலையில் இருக்கிறது.

அப்பாவுக்கு என்ன நேர்ந்தது என்று ஊகித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள் இதய நோய் வந்திருந்தால், அதை ஆபத்துக் காரணியாகவே கணக்கில் எடுக்கிறோம். ஆகவே ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இ.சி.ஜி. பார்த்துவிடுங்கள். தைராய்டும் பார்க்கட்டும். எடை 94 கிலோ, சட்டைக் காலர் 17 அங்குலம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கழுத்துச் சுற்றளவும் மூச்சுத் தடையைத்தான் சுட்டுகிறது.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். நண்பர் சொன்னார் என்று நான்கு மாதமாக இரவில் அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரை போடுகிறீர்கள். அது தளர்ந்த தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். மூச்சு நிற்கும்போது எழுப்பிவிட வேண்டிய மூளையையும் மந்தமாக்கும். எந்தக் காவலை நம்பி உயிரோடு இருக்கிறீர்களோ, அதையே மாத்திரை போட்டுத் தூங்க வைக்கிறீர்கள். படுக்கப் போகுமுன் குடிக்கும் மதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதை இன்றே விடுங்கள். மாத்திரையை மட்டும் இன்றே தூக்கி எறியாதீர்கள். நான்கு மாதம் போட்டதைத் திடீரென்று நிறுத்தினால் படபடப்பு, நடுக்கம், சிலருக்கு வலிப்புகூட வரலாம். இந்த வாரமே மருத்துவரிடம் போய், அவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறையுங்கள்.

அவரிடம் ஸ்லீப் ஸ்டடி வேண்டும் என்று கேளுங்கள். ஓர் இரவு மூச்சு, ஆக்சிஜன் அளவு, இதயத் துடிப்பு எல்லாவற்றையும் பதிவு செய்யும் பரிசோதனை அது. வலி கிடையாது. பலருக்கு வீட்டிலேயே செய்யும் எளிய வகை போதும். நடுத்தரமோ கடுமையோ என்று வந்தால் சி-பாப் கருவி தருவார்கள். மாஸ்க் வழியாக லேசான காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையை மூடவிடாமல் வைத்திருக்கும். 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்தியது, இன்றும் அதுதான் முதன்மைச் சிகிச்சை. முதல் சில நாள் மாஸ்க் உறுத்தும், அதற்காகக் கழற்றிப் போட்டுவிடாமல் அளவை மாற்றித்தரச் சொல்லுங்கள். எடை குறைப்பதும் ஒருக்களித்துப் படுப்பதும் உதவும், ஆனால் எடை குறையட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்குச் சுருக்கமாக: வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதம் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அதற்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, தூக்கப் பழக்கத்தையும் எண்ணங்களையும் சீர்படுத்தும் நடத்தைச் சிகிச்சை. படுத்தால் கால் குடைந்து அசைக்கத் தோன்றினால் இரும்புச்சத்தைச் சோதியுங்கள். நடுவயது தாண்டியவர் தூக்கத்தில் கனவைப் போலவே கைகால் வீசி அடித்தால் நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது மனைவியையும் அழைத்துப் போங்கள். அதற்கு முன் நீங்கள் தூங்கும்போது இரண்டு மூன்று நிமிடம் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், மருத்துவருக்கு அது மிகவும் பயன்படும். சிகிச்சை தொடங்கிப் பகல் தூக்கம் விடும்வரை வண்டி ஓட்டாதீர்கள். ஜன்னலைத் திறந்துவைப்பதும், காபி குடிப்பதும், பாட்டுப் போட்டுக்கொள்வதும் இந்தத் தூக்கத்தைத் தடுக்காது. சாவியை மனைவியிடம் கொடுத்துவிடுங்கள்.