லியோன் நகரத்துச் சாம்பல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எகிப்தில் கண்டெடுக்கப்பட்ட பழைய கிறிஸ்தவ ஞானவாதச் சுவடிகளான நாக் ஹம்மாடி நூல்களை வாசித்தேன். மீட்பு அகஞானத்தால் வருவது என்று நம்பி, இயேசுவின் உயிர்ப்பை அகவிழிப்பாகக் கண்ட ஞானவாதக் கிறிஸ்தவர்கள்தானே ஆழமானவர்கள்? செத்தவர் உடலோடு எழுந்து மீன் சாப்பிட்டார் என்பது பாமரர்களுக்கான கதை அல்லவா? திருத்தூதர் பவுலும் 'ஆவிக்குரிய உடல்' என்றுதானே சொல்கிறார்? மாற்கு நற்செய்தியின் பழைய பிரதிகளில் உயிர்த்த இயேசு தோன்றுவதே இல்லையே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சில நாட்களாக, ஞானவாதிகளை மறுத்து எழுதிய இரண்டாம் நூற்றாண்டு ஆயர் இரேனியுஸைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் உடனே எழுதுகிறேன்.

மாற்கை விடுங்கள். 16:8-இல் நூல் நின்றுபோனாலும், அதற்கு முன்பே கல்லறையில் இருந்த இளைஞன் 'அவர் எழுந்துவிட்டார்' என்று சொல்லிவிடுகிறான். பவுலைப் பற்றிப் பிறகு பேசலாம். விதைக்கப்படுவதும் உடல், எழுவதும் உடல் என்பதே அவர் பேச்சு.

நாக் ஹம்மாடி நூல்களில், ரெகினோஸ் என்ற மாணவனுக்கு எழுதப்பட்ட கடிதம் உங்களைத் தொட்டிருக்கும். உயிர்ப்பு மாயை அல்ல, உலகமே மாயை என்கிறார் பெயர் தெரியாத அந்த ஆசிரியர். பரிவு நிறைந்த எழுத்து. அதை நேசிப்பதில் தவறே இல்லை. ஆனால் 'பாமரர்' என்று எத்தனை எளிதாக எழுதிவிட்டீர்கள்! யார் அந்தப் பாமரர் என்று ஒரு கணம் யோசித்தீர்களா?

கி.பி. 177, ரோமப் பேரரசின் கீழ் இருந்த லியோன் நகரம், இன்றைய பிரான்ஸில். கிறிஸ்தவர்களைப் பிடித்து வதைத்தார்கள். அவர்களில் ஒருத்தி பிளாண்டினா, ஓர் அடிமைப்பெண். மெலிந்த உடல், இவள் தாங்கமாட்டாள் என்று அவளுடைய எஜமானியே அஞ்சினாள். காலை முதல் மாலைவரை ஆள் மாற்றி ஆள் வதைத்தவர்கள், இனிச் செய்ய எதுவும் மிச்சமில்லை என்று ஓய்ந்துபோனார்கள். கடைசியில் வலையில் சுற்றிக் காளையின் முன் எறிந்தார்கள். கொன்ற பிறகும் விடவில்லை. தியாகிகளின் உடல்களை ஆறு நாட்கள் வெட்டவெளியில் போட்டுவைத்து, எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள். எதற்கு? இனி எப்படி எழுகிறார்கள் பார்ப்போம் என்பதற்காக.

ரோமச் சட்டத்தில் அடிமையின் உடல் எஜமானின் உடைமை. அவள் சாட்சி சொல்லவேண்டுமென்றால் வதைத்தே கேட்கவேண்டும் என்பது வழக்கம். அப்படிப்பட்ட ஒருத்தியிடம் போய் 'உடல் பொருட்டல்ல அம்மா, உயிர்ப்பு உள்ளே நிகழ்வது' என்று சொல்வீர்களா? உடல் பொருட்டல்ல என்பதைத்தானே வதைத்தவர்களும் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்! இந்த உடலே, இந்தக் கை காலே எழும் என்பது பிளாண்டினா போன்றவர்களுக்கு நீதியைப் பற்றிய நம்பிக்கை. அறியாமை என்று அதை ஒதுக்க நமக்கு என்ன தகுதி?

அந்தச் சபையின் மூப்பர்தான் இரேனியுஸ். முதிய ஆயர் பொத்தினுஸ் சிறையில் இறந்தபின் ஆயரானவர். சில ஆண்டுகளில் ஞானவாதிகளை மறுத்து ஐந்து புத்தகங்கள் எழுதினார். ஐந்தாவதில், நற்கருணையின் அப்பமும் திராட்சை இரசமும் ஊட்டி வளர்க்கும் இந்தத் தசைக்கு நித்திய வாழ்வு இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்கிறார். தன் மக்களின் சாம்பல் ஆற்றோடு போன ஊரின் ஆயர் கேட்கும் கேள்வி அது. அதைத் திருச்சபை அதிகாரத்தின் குரல் என்று மட்டும் வாசிப்பது இரக்கமற்ற வாசிப்பு.

நான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யூசேபியஸின் திருச்சபை வரலாற்றில், ஐந்தாம் புத்தகத்தின் தொடக்கத்தில், இந்த வதைகளைப் பற்றி லியோன் சபை எழுதிய கடிதம் பெரும்பகுதி இருக்கிறது. முதலில் அதை வாசியுங்கள். பிறகு ரெகினோஸைப் பற்றி விரிவாக எழுதுங்கள், பேசுவோம்.