மேக் காரரும் விண்டோஸ் காரரும் ஏன் முட்டிக்கொள்கிறார்கள்?

ஆப்பிளின் மேக், மைக்ரோசொஃப்டின் விண்டோஸ் ஓடும் பிசி: ஒரே வேலையைச் செய்கிற இந்த இரண்டு கணினிகளுக்காக ஆட்கள் ஏன் இப்படிச் சண்டை பிடிக்கிறார்கள் என்பது கேள்வி.

கையில் இருக்கும் பொருளை வைத்து ஆளின் குணத்தையே முடிவுகட்டிவிடுவதுதான் இங்கே நடப்பது. மேக் என்றால் பந்தாக்காரர். விண்டோஸ் என்றால் ரசனை இல்லாதவர். லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போடக்கூடிய இயங்குதளம்) என்றால் வகுப்பெடுக்காமல் விடமாட்டார். (கடைசியாகச் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு, நானும் லினக்ஸ்தான்.)

காரணம் கணினிக்குள் இல்லை. 1970 அளவில் உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல், எந்த ஓவியரின் படம் பிடிக்கிறது என்று கேட்டுப் பள்ளிப் பையன்களை இரண்டாகப் பிரித்தார். உண்மையில் அது கண்டபடி பிரித்ததுதான். அப்படியிருந்தும் காசைப் பங்கிடச் சொன்னபோது பையன்கள் தங்கள் பக்கத்துக்கே சாய்ந்தார்கள். வெறும் பெயருக்கே இவ்வளவு என்றால், லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கியவர் "பிழையாக வாங்கிவிட்டேன்" என்பாரா?

விளம்பரமும் எண்ணெய் ஊற்றியது. 2006 முதல் 2009 வரை ஆப்பிள் ஓட்டிய விளம்பரங்களில் மேக் ஒரு துடிப்பான இளைஞன், பிசி கோட்டுப் போட்ட அலுவலக ஆள். இத்தனைக்கும் 1997இல் ஆப்பிள் தள்ளாடியபோது 15 கோடி டொலர் முதலிட்டது மைக்ரோசொஃப்ட்!

திருகோணமலையில் திருக்கடலூர்க் கரைக்குப் போய், வள்ளத்துக்கு யமஹா எஞ்சின் நல்லதா, சுசுகி நல்லதா என்று கேட்டுப் பாருங்கள். தேத்தண்ணி ஆறிப்போகும், பேச்சு முடியாது. இரண்டு வள்ளமும் மீனோடுதான் கரைக்கு வரும்.

இந்தச் சண்டையில் அடிக்கடி வரும் "மேக்கில் வைரஸ் வராது" என்ற பேச்சும் பிழை: 2012இல் ஃபிளாஷ்பேக் என்ற தீநிரல் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மேக்குகளில் புகுந்தது.