இருங்காட்டுக்கோட்டைக்குக் கிளம்பும் முன்: டிராக் டே கேள்வி பதில்

நம் கிளப்பில் பலர் முதல்முறையாக டிராக் டேக்கு, அதாவது சொந்தக் காரைச் சென்னைக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டும் நாளுக்குப் போகிறார்கள். அவர்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

அண்ணா, என்னுடையது சாதாரண ஸ்விஃப்ட். இன்ஜினில் ஏதாவது வேலை செய்ய வேண்டுமா?

வேண்டாம் தம்பி. அந்தக் காசைப் பிரேக்குக்குச் செலவிடுங்கள். ஊருக்குள் ஒரு சிக்னலில் பிரேக் பிடித்தால், அடுத்த சிக்னல் வருவதற்குள் அது ஆறிவிடும். அங்கே 3.7 கிலோமீட்டர் சுற்றில் 12 வளைவுகள். பிரேக் ஆற நேரமே இருக்காது.

பிரேக் ஆயில் மாற்றி 2 வருடம் ஆகிறது. நிறம் நன்றாகத்தான் இருக்கிறது. போதுமா சார்?

போதாது. நிறத்தை நம்பாதீர்கள். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே விதி கேட்பது 155 டிகிரிதான். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். ஆயிலை அழுத்தினால் அது பிரேக்கைத் தள்ளும். குமிழை அழுத்தினால் குமிழ்தான் சுருங்கும்.

எனக்கு இது நடந்தது. "ஆயில் நல்லா இருக்கு சார்" என்று மெக்கானிக் சொன்னதை நம்பிப் போனேன். நான்காவது சுற்றில், நேர்ச் சாலை முடியும் இடத்தில் பிரேக்கில் காலை வைத்தேன். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்த பிறகுதான் கொஞ்சம் பிடித்தது. டிராக்கை விட்டு மண்ணில் இறங்கி நின்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு டிராக் டேக்கு முன்பும் புது ஆயில்தான். டாட் 4 அல்லது டாட் 5.1 வாங்குங்கள். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை, இவற்றோடு சேரவே சேராது. கடையில் பெயரைக் கவனித்து வாங்குங்கள்.

பெடல் கெட்டியாக இருக்கிறது, ஆனால் கார் நிற்க மாட்டேன் என்கிறது. அது ஏன்?

அது பேட் (சக்கர டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் கட்டை) சூடேறிப் பிடிப்பை இழந்தது. வேகத்தைக் குறைத்து ஒரு சுற்று மெதுவாக வாருங்கள், காற்று பட்டு ஆறிவிடும். பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் வீட்டிலேயே மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

டயரில் எவ்வளவு காற்று வைக்கலாம்?

கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணையில் உள்ள அளவில் ஆரம்பியுங்கள். ஓடியதும் சூட்டில் நாலைந்து பிஎஸ்ஐ ஏறிவிடும். ஒவ்வொரு செஷன் (ஒரு தடவை டிராக்கில் ஓட விடும் நேரம்) முடிந்ததும் அளந்து, கூடியதை இறக்குங்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன் திரும்ப நிரப்ப மறக்க வேண்டாம். வீல் நட்டுகளையும் டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு இறுக்கும் கருவி) ஒருமுறை பாருங்கள்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே, பயப்பட வேண்டுமா?

நம் நாட்டு வாகனப் பாலிசிகளில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டவை. உங்கள் பாலிசியை எடுத்துப் படியுங்கள். சேதம் வந்தால் நம் பணம்தான் என்று எண்ணிக்கொண்டு போவது நல்லது. முதல் நாளிலேயே முழு வேகம் தேடாததற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

டிராக்கில் காட்டும் கொடிகள் குழப்புகின்றன என்று அக்கா சொன்னாங்க. எதையெல்லாம் மனப்பாடம் செய்யணும்?

மஞ்சள்: முன்னால் ஆபத்து, வேகம் குறையுங்கள், முந்தாதீர்கள். சிவப்பு: செஷன் நிறுத்தம், மெதுவாகப் பிட்டுக்கு (டிராக்கை ஒட்டிக் கார்களை நிறுத்தும் இடம்) வாருங்கள். நீலம்: பின்னால் வேகமான கார், வழி விடுங்கள். கறுப்பு உங்களுக்குக் காட்டப்பட்டால் உடனே பிட்டுக்கு வர வேண்டும். காலையில் நடக்கும் விளக்கக் கூட்டத்தில் அந்த நாளுக்கான விதியைச் சொல்வார்கள். டீ குடிக்கப் போய் அதைத் தவற விடாதீர்கள்.

என்ன கொண்டு வரணும்?

ஹெல்மெட், முழுக்கை பருத்திச் சட்டை, மெல்லிய அடியுள்ள ஷூ, நிறையத் தண்ணீர். காருக்குள் உருளும் எல்லாவற்றையும், மிதியடி விரிப்பு உட்பட, வெளியே எடுத்து வையுங்கள்.

செஷன் முடிந்து பிட்டில் நிறுத்தும்போது?

கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி உள்ளே வாருங்கள். ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், சூடான பேட் டிஸ்க்கிலோ, பிரேக் ஷூ டிரம்மிலோ ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள்.