கரும்பொருள் துகள் தேடல்: செனான் தொட்டி பற்றிச் சில கேள்விகள்

சார், எல்இசட் கருவியைச் சுரங்கத்துக்குள்ள ஏன் கொண்டு போய் வச்சாங்க?

எல்இசட் என்பது, ஒளியைத் தராத கரும்பொருளின் துகளைத் திரவ செனானில் தேடும் கருவி. அது இருப்பது அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் உள்ள பழைய ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில். சுமார் ஒன்றரை கிலோமீட்டர் ஆழம். மேலிருக்கும் பாறை, காஸ்மிக் கதிர்களில் வரும் மியூவான்களைப் பெருமளவு வடிகட்டிவிடும். மியூவானைவிட அது கிளப்பிவிடும் நியூட்ரான்தான் பெரிய தொல்லை. நியூட்ரான் செனான் அணுக்கருவில் மோதினால், கரும்பொருள் மோதியதைப் போலவே தெரியும்.

மோதல் நடந்தது எப்படித் தெரியும்?

தொட்டியில் 10 டன் திரவ செனான், சுமார் மைனஸ் 100 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. அதில் 7 டன்தான் கண்காணிப்புப் பகுதி. மோதல் நடந்ததும் 175 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒரு புற ஊதா மின்னல் வரும். இது முதல் சிக்னல். அதே இடத்தில் பிரிந்த எலக்ட்ரான்களை மின்புலம் மேலே இழுக்கும். அவை திரவத்திலிருந்து வாயுவுக்குள் ஏறும்போது இன்னொரு பெரிய மின்னல். இரண்டுக்கும் உள்ள கால இடைவெளி ஆழத்தைச் சொல்லும். மேலே எந்தெந்த ஒளிப்பெருக்கிக் குழாய்கள் ஒளிர்ந்தன என்பது பக்கவாட்டு இடத்தைச் சொல்லும். இரண்டாவது மின்னல் முதலாவதோடு ஒப்பிடச் சிறியதாக இருந்தால் அணுக்கரு மோதல். பெரியதாக இருந்தால் அது கதிரியக்கத்தின் பீட்டா அல்லது காமா கதிர், எலக்ட்ரானில் மோதியது.

எலக்ட்ரான் வழியிலேயே காணாமல் போகாதா?

போகும். ஆக்சிஜன் போன்ற மாசு துளி இருந்தாலும் எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்ளும். தொட்டியின் அடியில் நடந்த மோதலுக்கு இரண்டாவது சிக்னல் சுருங்கிப்போகும். அதனால் செனானை ஆவியாக்கி, மாசை உறிஞ்சிக்கொள்ளும் சூடான சிர்கோனியம் வடிகட்டி (கெட்டர்) வழியாகச் சுற்றவிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மிச்சமிருக்கும் இழப்பை, சீக்கிரமே சிதைந்து தீர்ந்துவிடும் கிரிப்டான்-83எம் கலந்து அளந்து, ஆழவாரியாகத் திருத்துகிறார்கள்.

கெட்டர் இருக்கும்போது கிரிப்டானும் ரேடானும் எப்படிப் பிரச்சினையாகும்?

இரண்டும் மந்த வாயுக்கள், கெட்டரில் ஒட்டாது. காற்றிலிருந்து வரும் கதிரியக்கக் கிரிப்டான்-85ஐ முதலிலேயே ஒரு முறை பிரித்தெடுத்தால் போதும். எல்இசட் அதற்குக் கரித்தூள் படுகையைப் பயன்படுத்தியது. இத்தாலியின் கிரான் சாஸோவில் இருக்கும் இதே வகைக் கருவியான செனான்-என்டி குளிர்நிலைக் காய்ச்சிவடிப்பை நம்புகிறது. கடைசியில் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கொண்டுவந்துவிடலாம். கதிரியக்க வாயுவான ரேடான்-222 அப்படியில்லை. உலோகச் சுவர், கேபிள், பற்றவைப்பு என எல்லாவற்றிலிருந்தும் கசிந்துகொண்டே இருக்கும். அரை ஆயுள் 3.8 நாள், அதற்குள் திரவமெங்கும் பரவிவிடும். அதன் வழித்தோன்றலான ஈயம்-214 சில சமயம் காமா இல்லாமல் வெறும் பீட்டாவாகச் சிதையும். சுவரோரத்தில் நடந்த நிகழ்வுகளைக் கணக்கிலிருந்து தள்ளினாலும் இது நடுவில் நிற்கும். கிலோவுக்கு ஒரு மைக்ரோபெக்கரல் (நொடிக்குப் பத்து லட்சத்தில் ஒரு சிதைவு) என்றால், ஒரு டன்னில் சுமார் 17 நிமிடத்துக்கு ஒரு சிதைவு. இன்றைய கருவிகள் கிட்டத்தட்ட இந்த அளவில்தான் மல்லுக்கட்டுகின்றன.

2020இல் ஏதோ கிடைத்ததாகச் சொன்னார்களே?

செனான்-என்டிக்கு முந்தைய செனான்-1டி கருவியில், 1 முதல் 7 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்குள் 232 நிகழ்வுகளை எதிர்பார்த்த இடத்தில் 285 வந்தன. அவை எலக்ட்ரான் மோதல்கள். சூரியனில் பிறக்கும் ஆக்சியான் என்ற, இன்னும் காணப்படாத துகள் என்று ஒரு பேச்சு. ட்ரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) மாசு என்று ஒரு சந்தேகம். 2022இல் செனான்-என்டி பின்னணியைச் சுமார் ஐந்தில் ஒன்றாகக் குறைத்துப் பார்த்தபோது உபரி எதுவும் இல்லை.

அப்போ டாமா மட்டும் இருபது வருஷமா பார்த்தது என்ன?

டாமா என்பது இத்தாலியில் நடந்த ஒரு கரும்பொருள் தேடல். அது பார்த்தது, சோடியம் அயோடைடு படிகங்களில் ஜூன் தொடக்கத்தில் கூடி டிசம்பரில் குறையும் ஒரு ஏற்ற இறக்கம். கரும்பொருள் இருந்தால் இப்படித்தான் வரும் என்று எதிர்பார்த்தார்கள். அதே படிகத்தை வைத்து ஸ்பெயினில் அனாய்ஸும் கொரியாவில் கோசைனும் தேடின. அந்த ஏற்ற இறக்கம் தென்படவில்லை. டாமாவின் ஏற்ற இறக்கத்துக்கு என்ன காரணம் என்பதில் இன்னும் உடன்பாடு இல்லை. கரும்பொருள் என்று வாதாட இனி இடம் குறைவு என்பது என் கணிப்பு.

ஆய்வாளர்களே ஆசைப்பட்டு எதையாவது பார்த்துவிட மாட்டார்களா?

அதற்குத்தான் எல்இசட் தரவில் போலி நிகழ்வுகளைக் கலந்து வைக்கிறார்கள். எது போலி என்று பகுப்பாய்வு செய்பவருக்குத் தெரியாது. எந்த நிகழ்வை ஏற்பது, எதைத் தள்ளுவது என்ற வரம்புகளை முடிவு செய்து பூட்டிய பிறகே போலிகளை நீக்குவார்கள். 2024இல் வெளியான 280 நாள் தரவில், புதிதாகச் சேர்ந்த 220 நாளை அப்படித்தான் பார்த்தார்கள். 9 ஜிஇவிக்கு (சுமார் பத்து புரோட்டான் நிறை) மேல் நிறையுள்ள, விம்ப் எனப்படும் கரும்பொருள் துகளுக்கு அறிகுறி இல்லை.

இந்தியாவில் ஏதாவது?

ஜார்கண்டின் ஜாதுகுடா யுரேனியம் சுரங்கத்தில் 555 மீட்டர் ஆழத்தில் ஒரு ஆய்வகம் உண்டு. கொதிநிலையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும் மீவெப்பத் திரவத் துளிகளை வைத்து, எடை குறைந்த துகள்களைத் தேடுகிறார்கள். சுற்றிலும் யுரேனியப் பாறை என்பதால் நியூட்ரான் கவசத்தில் கூடுதல் கவனம் வேண்டும்.