30 லட்சம்: மெஷினா, ராணிப்பேட்டை மனையா?

கையில இருக்கிற 30 லட்சத்துல ஷூ அப்பர் (மேல்பாகம்) தைக்கிற உங்க யூனிட்டுக்குப் புது மெஷின் வாங்கலாமா, ராணிப்பேட்டையில மனை வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. இரண்டும் வேண்டாம். முதலில் பேங்க் ஓவர்டிராஃப்ட் (ஓடி) கடன் கணக்கில் கட்டுங்க. 11% வட்டியில 25 லட்சம் நிக்குதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அதை அடைச்சா வருஷம் 2.75 லட்சம் நிச்சயமா மிச்சம். 30 லட்சத்துக்கு மெஷின் வாங்கினா 3 லட்சம் கூடுதலா வரும்னு உங்க கணக்கு. அது 10 சதவீதம்தான், மெஷின் தேய்மானம் தனி. ஓடி லிமிட்டை (பேங்க் தர்ற கடன் வரம்பை) மட்டும் மூடிடாதீங்க. ஆர்டர் வந்தா அதே பணத்தைத் திரும்ப எடுக்கலாம். மனையில போட்டா அவசரத்துக்கு எடுக்க முடியுமா?

எனக்குத் தோணுறது, உங்களுக்குக் குறை மெஷின் இல்ல, வசூல். ஆம்பூர்ல அப்பர் தையல் ஜாப் ஒர்க் எடுக்கிற பாதிப் பேர் கதை இதுதான் (நானும் அந்தப் பாதியில இருந்தவன்).

ஒண்ணு பாருங்க: போன 12 மாசத்துல இருக்கிற மெஷின் எல்லாம் முழு ஷிப்ட் ஓடின நாள் எத்தனை? பாதிக்கும் கீழேன்னா புதுசு எதுக்கு? கூடவே, 45 நாள் தாண்டின பில் எவ்வளவுன்னு கூட்டுங்க. உத்யம் பதிவு (சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு) இருந்தா, 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி அதுக்கு மேல தாமதமானா கூட்டு வட்டி கேட்கலாம். கேட்டா அடுத்த ஆர்டர் வருமாங்கிறது வேற விஷயம்.

பையர் ரெண்டு வருஷ ஆர்டரை எழுத்துல தந்தா மட்டும் என் பதில் மாறும். வாய்ப்பேச்சுக்கு மாறாது.